காணிக்கைப் பெட்டிக்கு முன்னால் கூலி

பணம்தான் எல்லாத் தீமைக்கும் வேர் என்று வேதாகமம் சொல்வதாகப் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1 தீமோத்தேயு 6:10இல் இருப்பது "பண ஆசை". காசு இல்லாதவனுக்கும் அந்த ஆசை வரும், அதனால் கொழும்பு வெள்ளவத்தையில் மாடி வீட்டில் இருப்பவரை ஏசிவிட்டு நாம் தப்பிக்க முடியாது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. தரித்திரர் எப்போதும் உங்களோடு இருக்கிறார்கள் என்று இயேசு சொன்னதை, வறுமை ஒழியாது, விட்டுவிடுங்கள் என்று சொன்னதுபோல எடுத்துக்கொள்வது. மாற்கு 14:7ஐ முழுதாக வாசியுங்கள், மனம் வரும்போதெல்லாம் அவர்களுக்கு நன்மை செய்யலாம் என்று அதே மூச்சில் சொல்கிறார். உபாகமம் 15:11இலும் இதே பேச்சுத்தான்: தேசத்தில் எளியவர்கள் இல்லாமல் போகமாட்டார்கள், ஆகையால் உன் கையைத் தாராளமாகத் திற. அந்த "ஆகையால்" வரைக்கும் வாசிக்காமல் பாதியிலேயே புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு என்றதும், அதைக் கொண்டுவந்து கொடுங்கள் என்கிற மல்கியா 3:10 எல்லாருக்கும் பாடம். உபாகமம் 14:28, 29ஐ எத்தனை பேர் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்? மூன்றாம் வருடத்துத் தசமபாகத்தை ஊர் வாசலில் வைக்க வேண்டும், ஆலய ஊழியம் செய்கிற லேவியனோடு பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிட வேண்டும். கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, கொடுத்தால் பல மடங்காகத் திரும்பி வரும் என்று கேட்ட பேச்சை நம்பி, கைச்சங்கிலியை அடகு வைத்துக் காணிக்கை போட்டார். அந்தச் சங்கிலி மூழ்கியே போய்விட்டது. தன்னிடம் இருந்த இரண்டு காசையும் காணிக்கையாகப் போட்ட ஏழை விதவையைக் காட்டித்தான் இப்படிக் கேட்கிறார்கள், ஆனால் அந்தக் கதைக்குச் சற்று முன்னால், மாற்கு 12:40இல், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை இயேசு கண்டிப்பதைச் சொல்வதில்லை.

அப்புறம், படம் எடுப்பது. 2022 பொருளாதார நெருக்கடியில் நாங்களும் உலர் உணவுப் பொதி கொடுத்தோம், அரிசி, பருப்பு, சீனி, கொஞ்சம் தேயிலை. வாங்க வந்த ஓர் அம்மா, கேமராவைக் கண்டதும் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு ஒரு கையால் மட்டும் பொதியை வாங்கினார். எனக்கு அன்றைக்குத்தான் உபாகமம் 24:10, 11 விளங்கியது. கடன் கொடுத்தவன் அடகு வாங்கப் போனால் கடன்பட்டவனின் வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்க வேண்டும், அவனே எடுத்துக்கொண்டு வந்து தருவான். கடன் கொடுத்தவனையே வாசலில் நிறுத்துகிறது நியாயப்பிரமாணம், நாம் ஐந்து கிலோ அரிசிக்கு அவர்களின் முகத்தைக் கேட்கிறோம்.

"வேலை செய்யாதவன் சாப்பிடக்கூடாது" என்று சொல்லிக் கையை இழுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2 தெசலோனிக்கேயர் 3:10 வேலை செய்ய மனதில்லாதவனைப் பற்றிப் பேசுகிறது. வேலை கிடைக்காதவனையும் உடம்புக்கு முடியாதவனையும் அதற்குள் போட்டு அடைக்க வேண்டாம்.

என் மனதை அதிகம் உறுத்துவது கூலி விஷயம். ஏழைக்கு உதவி என்றால் தர்மம் மட்டும்தான் என்று நினைத்துவிட்டோம், கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வைத்திருப்பது நம் கணக்கில் வருவதே இல்லை. கூலியாளுக்கு அன்றைய கூலியைப் பொழுது போகுமுன் கொடு, அவன் அதையே நம்பியிருக்கிறான் என்கிறது உபாகமம் 24:15. பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு, 5:4இல். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிற நாட்டாமி அண்ணனிடம் பேசின கூலியில் ஐம்பது ரூபாயைக் குறைக்கிறோம், வீட்டு வேலைக்கு வருகிற அக்காவிடம் "சில்லறை இல்லை, நாளைக்குத் தாறேன்" என்கிறோம், செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் உண்டியலில் தாள் காசாகப் போடுகிறோம். அந்த "நாளைக்கு" என்பதில் அவருக்கு அன்றிரவு பாண் வாங்குவதும் மறுநாள் பஸ் காசும் அடங்கியிருக்கிறது. சரி, கையில் பெரிய நோட்டு மட்டும்தான் இருந்தால், தெருமுனைக் கடைக்குப் போய் நாம்தான் மாற்றிக்கொண்டு வர வேண்டும், அவர் வாசலில் செருப்பைப் போடுவதற்குள்.