வீட்டை விற்கும்போது எதைக் கழற்றலாம், எதை விடலாம்?

தண்டையார்பேட்டையில் தாத்தா கட்டின வீட்டை விற்க முடிவானதும், ஆள் பார்க்க வரும் முன்பே எங்களுக்கு வேண்டியதைக் கழற்றி வைத்துவிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கண்ணால் பார்த்த பொருள் பிறகு இல்லையென்றால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 8-வது பிரிவுப்படி, வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் பூட்டு, சாவி, கதவு, ஜன்னல், நிரந்தர உபயோகத்துக்கு வைத்த மற்றவை எல்லாமே வீட்டோடு போகும். அதனால் தேக்கு வாசக்கதவில் ஆசை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சம்ப் மோட்டாரில் கை வைக்காதீர்கள். குடிவருபவர் முதல் நாளே தண்ணீர் ஏற்ற வழியில்லாமல் நிற்கக் கூடாது. ஃபேன், கீசர், இன்வெர்ட்டர் எல்லாம் பேச்சுக்கு உட்பட்டவை. ஏசியை எடுப்பதானால், கேஸை வெளி யூனிட்டுக்குள் இறக்கிவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள், சுவர் ஓட்டையையும் அடைத்துக் கொடுங்கள்.

எனக்கு விட மனம் வராதது கூடத்து ஊஞ்சல். பலகையையும் பித்தளைச் சங்கிலியையும் எடுத்துக்கொண்டேன், உத்தரத்துக் கொக்கியை விட்டுவிட்டேன். மெட்ராஸ் டெரஸ் கூரையில், மரச்சட்டங்களின் மேல் செங்கலைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டியிருப்பார்கள். கொக்கியைத் தட்டிப் பிடுங்கினால் அந்த அதிர்வில் காரை உதிரும், அடுத்த மழைக்கே ஒழுக ஆரம்பிக்கலாம்.

பேசி முடித்ததை அட்வான்ஸ் வாங்கும் முன் விற்பனை ஒப்பந்தத்தில் அறைவாரியாக எழுதிவிடுங்கள். ‘ஹால்: ஃபேன் இரண்டும் இருக்கும், ஊஞ்சல் போகும்’ என்கிற அளவுக்குத் தெளிவாக இருந்தால் சரி.