குழந்தையின் தட்டைப் பாதம்: தேவையில்லாத ஷூவும், கண்ணில் படாத எலும்பு ஒட்டலும்

குளித்துவிட்டு ஓடிவரும் குழந்தையின் ஈரக்கால் தடம் தரையில் வளைவே இல்லாமல் முழுசாகப் பதிந்திருக்கும். அதைப் பார்த்துப் பதறி, விலை கூடிய ஷூவும் அதற்குள் வைக்கும் உள்பட்டையும் வாங்கி மாட்டுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. பிறக்கும்போது எல்லாப் பாதமும் தட்டைதான். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பத்து வயதுக்குள் வளைவு தானாக எழும்பிவிடும். 1989இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சிறப்புக் காலணியை மூன்று ஆண்டுகள் அணிந்த பிள்ளைகளுக்கும் அணியாதவர்களுக்கும் வளைவில் வித்தியாசம் தெரியவில்லை. 1992இல் மணிப்பால் மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் பாதத் தடங்களை ஆராய்ந்தார்கள். தட்டைப் பாதம் காலணி அணிந்தவர்களில் 8.6 சதவீதம், வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். வலி இல்லாத, வளைந்து கொடுக்கும் பாதத்தை விட்டுவிடுங்கள். வீட்டுக்குள்ளாவது வெறுங்காலோடு ஓடட்டும்.

என் கவலையெல்லாம் வளைந்து கொடுக்காமல் இறுகிப்போகும் தட்டைப் பாதத்தைப் பற்றியது. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை விளையாடிவிட்டு வந்து கால் வலி என்கிறான். அடிக்கடி கணுக்கால் பிசகுகிறது. ஒவ்வொரு முறையும் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு வழித்துவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் சுளுக்குக்குப் பின்னால், பிறக்கும் முன்பே சரியாகப் பிரியாமல் போன இரண்டு எலும்புகள் இருக்கலாம். சிறு வயதில் அந்த இணைப்பு குருத்தெலும்பாகவோ நாராகவோ இருப்பதால் தொந்தரவு தெரியாது. குதிகால் எலும்புக்கும், பாதத்தின் நடுவில் உட்பக்கமாக இருக்கும் படகு எலும்புக்கும் இடையிலான ஒட்டல் 8 முதல் 12 வயதிலும், குதிகாலுக்கும் அதன் மேலுள்ள எலும்புக்கும் இடையிலானது 12 முதல் 16 வயதிலும் இறுகும். அப்போதுதான் வலி தொடங்கும். மேடுபள்ளத்தில் பாதம் திரும்ப முடியாமல், அந்தச் சுமையைக் கணுக்கால் தாங்குகிறது.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். பிள்ளையை நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து கவனியுங்கள். வளைவு எழும்பி, குதிகால் உட்பக்கம் சாய்ந்தால் நல்லது. இரண்டும் நடக்காமல் பாதம் மரக்கட்டை மாதிரி நின்றால் எலும்பு மருத்துவரிடம் போங்கள். சோதனை சரியாக வந்தும் வலி நீடித்தால் அப்போதும் போகத்தான் வேண்டும். இரவில் எழுப்பும் வலி, வீக்கம், காய்ச்சல் இருந்தால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். மூட்டுவாதம் போன்ற வேறு நோய்களும் பாதத்தை இறுக்கும்.

நேராகவும் பக்கவாட்டிலும் மட்டும் எக்ஸ்ரே எடுத்து ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது. படகு எலும்பு ஒட்டல் சாய்வான கோணத்தில் எடுத்தால்தான் தெளிவாகத் தெரியும். மற்றதற்குப் பெரும்பாலும் சி.டி. ஸ்கேன் தேவைப்படும், நார் இணைப்பு என்றால் எம்.ஆர்.ஐ. உதவும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டு காலிலும் ஒட்டல் இருப்பதால் மறுகாலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒட்டல் தெரிந்ததுமே கத்தி வைக்க வேண்டியதில்லை. வலியே இல்லையென்றால் கவனித்து வந்தால் போதும். வலி இருந்தால் முதலில் ஓய்வு, மெத்தென்ற உள்பட்டை, தேவைப்பட்டால் சில வாரம் மாவுக்கட்டு. இறுகிய பாதத்தைக் கெட்டியான வளைவுப் பட்டையால் நிமிர்த்தப் பார்த்தால் வலி கூடத்தான் செய்யும். இவற்றுக்கும் அடங்காவிட்டால் அந்த ஒட்டலை வெட்டி எடுத்து, மறுபடி ஒட்டாதபடி இடையில் கொழுப்பையோ தசையையோ வைப்பார்கள். பக்கத்து மூட்டுகள் தேயும்வரை காத்திருந்தால் இந்த வாய்ப்பு நழுவி, மூட்டையே இணைத்துவிட வேண்டிவரலாம். அறுவைக்குப் பிறகு பாதம் தட்டையாகவே இருந்தாலும் மனம் தளராதீர்கள். பிள்ளை வலியில்லாமல் ஓடுகிறானா என்று பாருங்கள்.