பி.எம்.ஐ. கணக்கிடுவது எப்படி? கணக்கிட்ட பிறகு என்ன செய்வது?

எடை மெஷினில் ஏறி இறங்கியதும் கண்ணில் படும் எண், தனியாகப் பார்த்தால் பெரிதாக எதையும் சொல்வதில்லை. 68 கிலோ என்பது ஆறடி உயரக்காரருக்கு ஒரு பொருள், ஐந்தடி உயரக்காரருக்கு வேறு பொருள். எடையை உயரத்தோடு சேர்த்துப் பார்க்க உதவும் எளிய கணக்குதான் பி.எம்.ஐ., அதாவது உடல் நிறை குறியீட்டெண். இன்ச் டேப், எடை மெஷின், செல்போனில் இருக்கும் கால்குலேட்டர் இருந்தால் வீட்டிலேயே போட்டுவிடலாம். கணக்கு சுலபம். வந்த எண்ணை வைத்து என்ன முடிவெடுப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அதனால் அந்தப் பகுதிக்கே இங்கே அதிக இடம்.

தொடங்கும் முன் ஒன்று. இங்கே சொல்லப்படும் எல்லைகள் பெரியவர்களுக்கு மட்டும். வளரும் பிள்ளைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் வயது, பாலினம் இரண்டையும் வைத்துத் தனி வளர்ச்சி அட்டவணை உண்டு. அதைக் குழந்தைநல மருத்துவர் பார்த்துச் சொல்வார். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

படி 1: உயரத்தை இன்று அளந்து பாருங்கள்

"எனக்குத்தான் என் உயரம் தெரியுமே" என்று இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். கல்லூரிக் காலத்தில் அளந்த உயரத்தையே பலரும் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். வயதாக ஆக முதுகெலும்பு வட்டுகள் தேய்ந்து உயரம் கொஞ்சம் குறையும்.

செருப்பில்லாமல் சுவரோடு முதுகை ஒட்டி நில்லுங்கள். குதிகால், பின்புறம், தோள் மூன்றும் சுவரில் படட்டும். பார்வை நேராக இருக்கட்டும். தலைமேல் ஒரு கனமான அட்டையையோ புத்தகத்தையோ சுவருக்குச் செங்குத்தாக வைத்து, அதன் அடிப்பகுதி தொடும் இடத்தில் வேறொருவரைப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள்.

அடி, அங்குலத்தில் மட்டும் தெரியும் என்றால் முழுவதையும் அங்குலமாக்கி 2.54-ஆல் பெருக்குங்கள். 5 அடி 4 அங்குலம் என்பது 64 அங்குலம். பெருக்கினால் ஏறக்குறைய 163 செ.மீ. இங்கே ஒரு பொறி இருக்கிறது. 5 அடி 10 அங்குலத்தை "5.10 அடி" என்று செயலியில் தட்டிவிடுகிறவர்கள் உண்டு. செயலி அதை 5.1 அடி என்று எடுத்துக்கொள்ளும். 178 செ.மீ. உயரமானவர் ஒரே நொடியில் 155 செ.மீ. ஆகிவிடுவார், பி.எம்.ஐ. எங்கேயோ போய் நிற்கும்.

படி 2: எடை

காலையில் எழுந்து கழிவறை போய்வந்த பிறகு, எதுவும் சாப்பிடாமல், லேசான உடையில் பாருங்கள். மெஷின் சமமான கெட்டித் தரையில் இருக்க வேண்டும். மிதியடி, கம்பளம் மேல் வைத்தால் தவறாகக் காட்டும். எப்போதும் ஒரே மெஷினையே பயன்படுத்துங்கள்.

படி 3: கணக்கு

எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். வர்க்கம் என்றதும் பயப்பட வேண்டாம். கால்குலேட்டரில் எடையைத் தட்டி உயரத்தால் வகுங்கள். வந்த விடையை மறுபடியும் அதே உயரத்தால் வகுங்கள். முடிந்தது.

163 செ.மீ. உயரம், 68 கிலோ எடை உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 68 ÷ 1.63 = 41.72. அதை மறுபடி 1.63-ஆல் வகுத்தால் 25.6.

இதே ஆள் தன் உயரத்தை 166 என்று கூட்டிச் சொன்னால்? விடை 24.7 ஆகிவிடும். வெறும் 3 செ.மீ.யில் "அதிக எடை" என்ற பிரிவிலிருந்து "இயல்பு" என்ற பிரிவுக்குத் தாவிவிடுகிறார். உயரத்தால் இருமுறை வகுப்பதால் அதில் வரும் பிழை ஏறக்குறைய இருமடங்காக விடையில் தெரியும். படி 1-இல் அவ்வளவு வற்புறுத்தியது இதற்காகத்தான்.

படி 4: எந்தப் பிரிவில் வருகிறீர்கள்?

உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான பிரிவுகள் இவை:

18.5-க்குக் கீழே: குறைந்த எடை
18.5 முதல் 24.9 வரை: இயல்பான எடை
25 முதல் 29.9 வரை: அதிக எடை
30-ம் அதற்கு மேலும்: உடல் பருமன்

இந்தக் கோடுகள் கல்வெட்டில் பொறித்தவை அல்ல. அமெரிக்காவில் 1998 வரை அதிக எடைக்கான எல்லை ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்று இருந்தது. அந்த ஆண்டு இருவருக்கும் 25 என்று குறைத்தார்கள். ஒரு கிலோகூடக் கூடாமலே கோடிக்கணக்கானோர் அதிக எடைக்காரர் ஆனார்கள்.

ஆசிய வம்சாவளியினர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரையும் தெற்காசியரையும் ஒப்பிட்டால், தெற்காசியர் உடலில் பொதுவாகக் கொழுப்பு அதிகம்; சர்க்கரை நோயும் குறைந்த எடையிலேயே எட்டிப்பார்க்கும். இதை வைத்து உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் ஆசிய மக்களுக்கு 23-ஐயும் 27.5-ஐயும் கூடுதல் எச்சரிக்கைப் புள்ளிகளாகக் குறித்தது. தமிழில் இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் 25-ஐ விட 23-ஐ மனதில் வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. நம் 163 செ.மீ. ஆளுக்கு 18.5 என்றால் 49 கிலோ, 23 என்றால் 61 கிலோ, 24.9 என்றால் 66 கிலோ. ஆக, "சரியான எடை" என்று ஒற்றை எண் கிடையாது. பத்துப் பதினைந்து கிலோ அகலமுள்ள ஒரு வரம்பு, அவ்வளவுதான்.

18.5-க்குக் கீழே இருப்பவர்களை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. "ஒல்லியாக இருப்பது நல்லதுதானே" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் எலும்பு வலுவிழப்பு, ரத்தசோகை, நோய் எதிர்ப்புக் குறைவு ஆகியவற்றுக்கு அங்கே வாய்ப்பு கூடுதல். முயலாமலே ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருந்தால், பி.எம்.ஐ. எவ்வளவாக இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

படி 5: இன்ச் டேப்பை எடுங்கள்

பலரும் படி 4-லேயே நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

இந்தக் கணக்கைப் போட்டவர் மருத்துவரே அல்ல. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்டலே கணிதவியலாளர், வானியலாளர். 1830-களில் "சராசரி மனிதன்" எப்படி இருப்பான் என்று மக்கள்தொகைப் புள்ளிவிவரங்களில் தேடியபோது, எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிப் போவதைக் கண்டார். தனி மனிதரின் ஆரோக்கியத்தை அளப்பது அவர் நோக்கம் இல்லை. 1972-இல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸும் அவருடைய குழுவினரும்தான் இதற்கு பி.எம்.ஐ. என்ற பெயரைக் கொடுத்தார்கள். கெட்டலேயின் காலத்திலிருந்து இன்றுவரை இந்தக் கணக்குக்குள் போவது எடையும் உயரமும் மட்டுமே. எடையில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு, அந்தக் கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இருவரைப் பாருங்கள். ஒருவர் பளு தூக்கிப் பயிற்சி செய்பவர்: 180 செ.மீ., 95 கிலோ, பி.எம்.ஐ. 29.3, இடுப்பு 84 செ.மீ. இன்னொருவர் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்: 160 செ.மீ., 58 கிலோ, பி.எம்.ஐ. 22.7, இடுப்பு 90 செ.மீ. கை கால் மெலிவு, வயிறு மட்டும் தொப்பை. அட்டவணைப்படி முதலாமவர் அதிக எடை, இரண்டாமவர் இயல்பு. ஆனால் கவலைப்பட வேண்டியவர் இரண்டாமவர்தான். தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பைவிட வயிற்றுக்குள் கல்லீரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்புதான் இன்சுலின் வேலை செய்வதைக் கெடுக்கிறது. சர்க்கரை நோய், இதய நோய் ஆபத்தைக் கூட்டுகிறது.

இடுப்பை அளக்கும்போது பேன்ட் போடும் இடத்தில் டேப்பை வைக்காதீர்கள். விலாப்புறத்தில் விரலை அழுத்தி, கடைசி விலா எலும்பு முடியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அப்புறம் இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். இயல்பாக மூச்சை வெளியே விட்டதும் அளவைப் படியுங்கள். வயிற்றை எக்குவது வேண்டாம். டேப்புக்கும் உங்களுக்கும் இடையில் என்ன ஒளிவுமறைவு?

வந்த அளவை உயரத்தால் வகுங்கள், இரண்டும் சென்டிமீட்டரில். 0.5-க்குக் கீழே என்றால் நல்லது. 0.5 முதல் 0.59 வரை என்றால் ஆபத்து கூடத் தொடங்கிவிட்டது, 0.6-ஐத் தாண்டினால் அதிகம். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2022-இல் பரிந்துரைத்த எல்லைகள் இவை. நம் பளு தூக்குபவருக்கு 0.47, உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு 0.56. தெற்காசியர்களுக்கு இடுப்பளவையே நேரடியாக எல்லையாகச் சொல்வதும் உண்டு: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.

வயதானவர்களிடம் பி.எம்.ஐ. இன்னொரு விதத்தில் ஏமாற்றும். தசை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு ஏறினாலும் எண் மாறாமல் அப்படியே நிற்கும்.

படி 6: இலக்கைச் சின்னதாக வையுங்கள்

பி.எம்.ஐ., இடுப்பளவு இரண்டும் இயல்பு என்றால் படி 8-க்குப் போய்விடலாம். குறைக்க வேண்டியிருந்தால், அட்டவணையின் "இயல்பு" வரை ஒரே மூச்சில் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். இருக்கும் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) ஆகியவை பலருக்கு நன்றாகவே இறங்கும். 68 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்பது மூன்றரைக் கிலோகூட இல்லை.

வேகம்: வாரத்துக்கு அரைக் கிலோ சரி, அதிகபட்சம் ஒரு கிலோ. முதல் வாரத்தில் மளமளவென்று இறங்கினால் அதில் பெரும்பகுதி தண்ணீர். உடலில் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் இரண்டும் சேர்ந்து வெளியேறும். "ஒரே வாரத்தில் ஐந்து கிலோ" விளம்பரங்களின் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

தைராய்டு குறைபாடு, பி.சி.ஓ.எஸ். (பெண்களுக்கு வரும் ஒரு ஹார்மோன் கோளாறு), ஸ்டீராய்டு மருந்துகள், சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டக்கூடியவை. அப்படி ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

படி 7: தட்டிலும் காலிலும்

ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. நம் 68 கிலோ ஆள் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது 120 முதல் 150 கலோரி. 300 மி.லி. இனிப்புக் குளிர்பானம் ஒன்றிலேயே ஏறக்குறைய அவ்வளவும் திரும்பி வந்துவிடும். எடை குறைப்பதில் சாப்பாட்டுக்கே பெரிய பங்கு என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். குடிக்கும் சர்க்கரையிலிருந்து தொடங்குங்கள். மென்று தின்னும் கலோரியைப் போல அது வயிற்றை நிரப்புவதில்லை, அதனால் விட்டாலும் பசி கூடாது. அடுத்து தட்டில் பாதியைக் காய்கறிக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு வேளையும் பருப்பு, பயறு, முட்டை, மீன் என்று ஏதாவது ஒரு புரதம் இருக்கட்டும். எடை குறையும்போது தசையும் சேர்ந்து கரையாமல் காப்பது அதுதான். எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தரும்போது கொழுப்பு 9 தருகிறது. பட்டினி கிடப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பகலில் அடக்கிய பசி ராத்திரியில் வட்டியோடு வசூலித்துவிடும்.

உடற்பயிற்சிக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான உழைப்பு. நடையால் மட்டும் எடை பெரிதாகக் குறையாவிட்டாலும், வயிற்றுக் கொழுப்பு குறையவும் குறைத்த எடை திரும்ப ஏறாமல் இருக்கவும் அது நன்றாகவே உதவும். தூக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். ஏழு மணி நேரத்துக்குக் குறைந்தால் மறுநாள் பசி கூடும்.

எடை கூட்ட வேண்டியவர்களுக்கு இதே பாதைதான், திசை மட்டும் வேறு. சாப்பிடும் வேளைகளைக் கூட்டி, கடலை வகைகள், பால், முட்டை என்று சத்து செறிந்தவற்றைச் சேர்த்து, தசைப் பயிற்சியும் செய்ய வேண்டும். இனிப்பையும் பொரித்ததையும் அள்ளிப் போட்டால் கூடுவது தொப்பைதான்.

படி 8: தினசரி எண்ணை நம்பாதீர்கள், வாரச் சராசரியைப் பாருங்கள்

உப்பு கூடினாலோ, மாதவிடாய் நெருங்கினாலோ, மலச்சிக்கல் இருந்தாலோ ஒரே நாளில் ஒரு கிலோ ஏறலாம், இறங்கலாம். ஒருவருடைய இரண்டு வாரக் குறிப்பு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வாரம்: 68.2, 67.6, 68.4, 67.9, 67.5, 68.1, 67.7
இரண்டாம் வாரம்: 67.8, 68.0, 67.2, 67.5, 67.9, 67.1, 67.3

முதல் வாரக் கடைசி நாள் 67.7. அடுத்த இரண்டு நாளும் ஏறி 68.0-க்கு வந்துவிட்டது. அந்தக் காலையில் "எல்லாம் வீண்" என்று தோன்றுவது இயற்கை. ஆனால் சராசரி போட்டால் முதல் வாரம் 67.9, இரண்டாம் வாரம் 67.5. குறைந்துகொண்டுதான் இருக்கிறது. தினமும் எடை பார்ப்பது மனதைக் கலக்குகிறது என்றால் வாரம் ஒரு நாள் பார்த்தால் போதும். எண்ணை நினைத்தே சாப்பிடப் பயப்படும் நிலை வந்தால் மெஷினை ஒதுக்கி வைத்துவிட்டு உதவி தேடுங்கள்.

இலக்கை எட்டிய பிறகுதான் கடினமான பகுதி ஆரம்பம். இளைத்த உடலுக்குத் தேவைப்படும் கலோரி முன்பைவிடக் குறைவு. பசியைத் தூண்டும் ஹார்மோன்களோ கூடியிருக்கும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் பழைய எடையும் திரும்பும். அதனால் எட்டிய எடைக்கு மேலே இரண்டு கிலோவை எல்லையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாரச் சராசரி தொடர்ந்து இரண்டு வாரம் அதைத் தாண்டினால் படி 7-க்குத் திரும்புங்கள். எழுதி வைத்த அளவுகளை அடுத்த மருத்துவப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, கொலஸ்ட்ரால் முடிவுகளோடு சேர்த்துப் பார்த்தால் மருத்துவருக்கும் உங்கள் நிலை தெளிவாகத் தெரியும். இடுப்பளவை மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே டேப்பால் எடுத்தால் போதும்.