ஜூன் விடுமுறைக்குக் கையடக்கக் கேமரா வாங்குகிறீர்களா?

சிங்கப்பூரில் பெனின்சுலா பிளாசா கடைத்தொகுதிப் பக்கம் கேமரா பார்க்கப் போகிறவர்கள் மெகாபிக்சல் எண்ணில் மயங்க வேண்டாம். ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லான சென்சாரின் அளவைக் கேளுங்கள். 1 அங்குலச் சென்சாரின் பரப்பு, மலிவான கேமராக்களில் வரும் 1/2.3 அங்குலச் சென்சாரைவிட ஏறத்தாழ 4 மடங்கு. தேக்காவின் தீபாவளி விளக்குகளை இரவில் எடுத்தால் வேறுபாடு புரிந்துவிடும். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். லென்ஸே காட்சியைப் பெரிதாக்கும் ஆப்டிகல் ஜூமை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். கடையிலேயே சட்டைப் பையில் போட்டுப் பாருங்கள். என் முதல் கேமரா எந்தப் பைக்குள்ளும் நுழையாமல், பாதிப் பயணம் ஹோட்டல் அறையிலேயே உறங்கியது!

குளிரூட்டிய அறையிலிருந்து நம் ஊர்ப் புழுக்கத்துக்குள் வந்ததும் லென்ஸில் நீர் படியும். இறுக மூடிய பிளாஸ்டிக் பையில் வைத்து வெளியே எடுத்துவந்து, அரைமணி கழித்துத் திறக்கலாம். உபரி பேட்டரியை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.