துபாஷி அங்கி: வெட்டும் முன்பே பூவேலை போடுங்கள்

பள்ளியில் மாறுவேடப் போட்டி என்றதும் என் அக்காள் மகன் ராஜா வேஷம்தான் கேட்டான். சாட்டின் உடையும் அட்டைக் கிரீடமும் வாடகைக்கே கிடைக்கும். நான் அவனுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை கதையைச் சொன்னேன். 1709-இல் நம் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். நம்ம ஏரியாக்காரர் என்றதும் பையன் ஒத்துக்கொண்டான்.

அந்தக் காலத்துத் துபாஷி உடை நீண்ட வெள்ளை அங்கி, இடைக்கச்சை, தலைப்பாகை. ஜாமா என்ற இந்த அங்கிக்குப் பட்டன் கிடையாது. முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து, அக்குளுக்குக் கீழே நாடாவால் முடியும். முகலாயர் காலத்திலிருந்தே இந்துக்கள் இடப்பக்கமும் முஸ்லிம்கள் வலப்பக்கமும் முடிவது வழக்கம். நமக்கு இடப்பக்கம்.

10 வயதுப் பையனுக்கு 44 அங்குல அகல வெள்ளை மல் துணி 4 மீட்டர், கச்சைக்குத் தனியாக 2 மீட்டர். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பாருங்கள், அல்லது கோடவுன் தெரு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் துணி வெளுத்தவர்கள் குடியிருந்ததால்தான் அது வண்ணாரப்பேட்டை. அங்கே நின்று வெள்ளைத் துணி வாங்குவதில் எனக்குத் தனிச் சந்தோஷம். வாங்கியதை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும்.

மார்பளவு 28 அங்குலம் என்றால் முதுகுத் துண்டின் அகலம் 16: பாதி அளவு 14, தளர்வுக்கு 1, தையலுக்கு 1. முன்பக்கத் துண்டு இரண்டும் அதே 16 அகலம். தோளில் கழுத்து தொடங்கும் இடத்திலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குச் சற்று மேல்வரை சாய்கோடு போடுங்கள். பென்சிலால் வரைந்தால் போதும், கத்தரியைத் தொடாதீர்கள்.

ஏனென்றால் சாய்வாக வெட்டிய ஓரம் இழுபடும். முதல் தடவை வெட்டிவிட்டுத்தான் பூவேலை போட்டேன். கழுத்து தொளதொளவென்று விரிந்து, பத்து நாள் வேலை வீணாகிவிட்டது. முழுத்துணியில் வரைந்து, பூ போட்டு, அப்புறம் வெட்டுவதுதான் சரி.

மல் மெல்லியது, அதனால் கார்பன் தாள் வேண்டாம். காகிதத்தில் வரைந்த கொடியைத் துணிக்கு அடியில் வைத்தாலே தெரியும், அப்படியே நகலெடுங்கள். கொடி சாய்கோட்டிலிருந்து முக்கால் அங்குலம் உள்ளே இருக்கட்டும். ஆறு இழை எம்ப்ராய்டரி நூலில் இரண்டு இழை மட்டும் பிரித்தெடுங்கள். சிவப்பு நூல் என்றால் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள், சாயம் இறங்கினால் வேண்டவே வேண்டாம்.

சங்கிலித் தையல் ஒன்று தெரிந்தால் போதும். ஊசியை மேலே எடுத்து, நூலை வளையமாக்கி இடது பெருவிரலால் பிடியுங்கள். வந்த இடத்திலேயே ஊசியை இறக்கி, 3 மில்லிமீட்டர் தள்ளி வளையத்துக்குள் வெளியே எடுங்கள். மெதுவாக இழுங்கள், இறுக்கினால் துணி சுருங்கும். ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குப் பின்பக்கமாக நூலைத் தாண்டவிடாதீர்கள், மல்லில் அது நிழலாகத் தெரியும். பூவுக்குப் பூ நூலை முடித்து வெட்டுங்கள். இரவில் வட்ட ஃப்ரேமைக் கழற்றி வையுங்கள். கச்சைக்கு இரு முனையிலும் மூன்று மூன்று பூச்செடி போதும். அங்கி முழுக்க நிரப்ப ஆசை வரும், ஆனால் அந்த வெள்ளைதான் இந்த உடைக்கு அழகு.

இனி வெட்டலாம். வெட்டிய உடனே சாய்ந்த ஓரத்தில் ஓட்டுத்தையல் போட்டுவிடுங்கள். கையை, அவன் கை நீளத்தைவிட 4 அங்குலம் கூட்டி வெட்டினால் முன்கையில் அடுக்கடுக்காகச் சுருங்கி நிற்கும், பழைய ஓவியங்களில் இருப்பதுபோல. கீழ்ப்பாவாடைக்கு 26 அங்குல நீளத்தில் மூன்று முழு அகலத் துண்டுகளை இணைத்து, சுருக்கம் கொடுத்து மேல்பாகத்தோடு தையுங்கள். ஓரம் மடித்து நாடாக்களை வையுங்கள்.

இஸ்திரி போடும்போது தடித்த துண்டை விரித்து, பூ கீழே பார்க்கும்படி வைத்துப் பின்பக்கமாகத் தேயுங்கள். பூ அமுங்காமல் எழும்பி நிற்கும்.