வேலம்பாசியும் வண்ணத்தாளும்: குமிழி எண்ணுவதில் நேரும் தவறுகள்

ஹைட்ரில்லா என்கிற வேலம்பாசியை பீக்கரில் போட்டு, விளக்குக்கு முன்னால் சிவப்பு, நீலம், பச்சை செலோபேன் தாள்களை மாற்றி மாற்றி வைத்து, ஒளிச்சேர்க்கையில் நிமிடத்துக்கு எத்தனை ஆக்சிஜன் குமிழி வருகிறது என்று எண்ணி, எந்த நிறத்தில் அது அதிகம் என்று பார்க்கும் சோதனை பலருக்கும் பழக்கமானது. பல நேரம் இதில் அளக்கப்படுவது நிறமே அல்ல, தாள் எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பதுதான்.

நீலத்தாள் சிவப்பைவிட அதிக ஒளியைத் தடுத்தால், நீலத்தில் குமிழி குறையத்தான் செய்யும். சரி, வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் வைத்துச் சமன்செய்யலாம் என்று இறங்கினால் அது இன்னும் பெரிய தவறு. அது மனிதக் கண்ணுக்கு ஏற்ப அமைத்த கருவி. 555 நானோமீட்டர் பச்சையில்தான் அதற்கு உணர்வு அதிகம். பச்சையம் 'ஏ' அதிகம் உறிஞ்சுவதோ 430, 662 நானோமீட்டர் அருகில். லக்ஸில் மூன்றையும் சமமாக்கினால் செடிக்குப் போய்ச்சேரும் பச்சை ஒளி மற்ற இரண்டையும்விட வெகுவாகக் குறைந்துவிடும். 'பச்சையில் ஒளிச்சேர்க்கையே இல்லை' என்ற முடிவு இப்படியும் பிறக்கிறது. இலை பச்சையிலும் கணிசமான பங்கை உறிஞ்சுகிறது. குமிழி குறையலாம், அடியோடு நிற்காது.

கைக்கு எட்டிய மாற்று ஒன்று உண்டு. சிறிய சிலிக்கான் சோலார் செல்லை மல்டிமீட்டரின் மில்லிஆம்பியர் அளவையில் இணைத்து, செடி இருக்கும் இடத்தில் வையுங்கள். விளக்கை நகர்த்தி மூன்று நிறத்துக்கும் ஒரே மின்னோட்டம் வரச் செய்யுங்கள். நீலத்தைச் சற்றுக் குறைத்துக் காட்டும், ஆனாலும் லக்ஸைவிட எவ்வளவோ மேல். விளக்கு எல்இடியாக இருக்கட்டும். குண்டு பல்பின் அகச்சிவப்பு செலோபேனைத் தாண்டி வந்து செல்லை ஏமாற்றும், நீரையும் சூடாக்கும்.

தாள் சொன்ன நிறத்தை மட்டும்தான் விடுகிறதா என்று பழைய சிடியில் ஒளியைப் பட்டுத் தெறிக்கவிட்டுப் பாருங்கள்; சிடி ஒளியைத் தனித்தனி நிறங்களாகப் பிரித்துக் காட்டும். பச்சைத்தாளில் நீலமும் மஞ்சளும் கசிவது சகஜம்.

கார்பன் டை ஆக்சைடு போதாமல் போனால் எந்த நிறமும் ஒரே எண்ணிக்கைதான் தரும். கொதிக்கவைத்து ஆறிய நீரில் அந்த வாயு அநேகமாக இருக்காது. 200 மில்லிலிட்டருக்கு 1 கிராம் சமையல் சோடா கரைத்தால் போதும். மிக அருகில் பலமான விளக்கு வைத்தாலும் இதே கதைதான்: ஒளி தேவைக்கு மேல் போனபின் நிற வேறுபாடு மறைந்துவிடும்.

தண்டை நீருக்குள்ளேயே சாய்வாக வெட்டி, வெட்டுமுனை மேலே இருக்குமாறு வையுங்கள். நிறம் மாற்றியதும் எண்ணத் தொடங்காமல் 5 நிமிடம் பொறுங்கள். குமிழிகள் ஒரே பருமனில் வராததால், வாயுவை அளவுக்குழாயில் பிடித்துக் கன அளவைக் குறிப்பது நம்பகமானது. அது தூய ஆக்சிஜனும் அல்ல.

முதலிலும் கடைசியிலும் வெள்ளை ஒளியில் ஒருமுறை எண்ணுங்கள். இரண்டும் கணிசமாக வேறுபட்டால் இடையில் எடுத்த அளவுகளை விட்டுவிட்டு, புதுத் தண்டோடும் புதுக் கரைசலோடும் மறுபடி தொடங்குங்கள்.