போராட்டத்துக்குப் போகும்போது போனில் நாம் செய்யும் தவறுகள்

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த இரவு மறக்காது. விளக்குகளை அணைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஆயிரக்கணக்கான செல்போன் டார்ச்சுகள் எரிந்தன, மணல் முழுக்க வெளிச்சம். அந்தப் படத்தை இப்போது பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும். கூடவே இன்னொன்றும் தோன்றும். எரிந்த ஒவ்வொரு போனும் அந்தக் கரையோரத்தில் ஏதோ ஒரு டவரில் பதிவாகிக்கொண்டுதான் இருந்தது.

அமைதியாகக் கூடுவது அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு தந்த உரிமை. அந்தரங்கமும் அடிப்படை உரிமைதான் என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்துவிட்டார்கள். அப்படியும், "தப்பு செய்யாதவன் எதுக்குப் பயப்படணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் போனில் இருப்பது உங்கள் விஷயம் மட்டும் இல்லை. பக்கத்தில் நின்ற மாணவியின் முகம் அதில் இருக்கிறது. அரசு வேலையில் இருந்துகொண்டே சோற்றுப் பொட்டலத்துக்குப் பணம் அனுப்பிய நண்பரின் எண் இருக்கிறது. நம் அலட்சியத்துக்கு விலை கொடுப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

முதல் தவறு, போன் என்றால் பேச்சும் மெசேஜும் மட்டும்தான் என்று நினைப்பது. பையில் சும்மா கிடந்தாலும் போன் அருகில் உள்ள டவரோடு பேசிக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட நேரத்தில் ஒரு டவரின் கீழ் எந்தெந்த எண்கள் இருந்தன என்ற மொத்தப் பட்டியலையும் போலீஸ், தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கேட்டு வாங்க முடியும். டவர் டம்ப் என்பது இதைத்தான். அழைப்பு விவரங்களைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதியையே மாற்றிவிட்டார்கள். ஆக, இன்று போய்விட்டு வந்த இடத்தைப் பற்றி அடுத்த வருடம்கூடக் கேள்வி வரலாம்.

இதைக் கேட்டதும் சிலர் விபிஎன் போடுகிறார்கள். விபிஎன் இணையத்தில் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதைத்தான் மறைக்கும், டவருக்கு நீங்கள் தெரிந்துகொண்டேதான் இருப்பீர்கள். சிலர் பழைய போனில் புது சிம் போடுகிறார்கள். சிம் மாறினாலும் போனின் ஐஎம்இஐ எண், அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண், மாறாது, அதுவும் டவரில் பதிவாகும். அடுத்தவர் பெயரில் ஏமாற்றி சிம் வாங்குவதோ 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டுச் சிறை வரை போகக்கூடிய குற்றம். அந்தப் பக்கமே போக வேண்டாம். டவரில் பதிவாகக் கூடாது என்றால் வழி எளிது: போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் கிளம்பும்போதே அணைத்துவிடுங்கள். பெண்கள், உடல்நலம் சரியில்லாதவர்கள், தனியாக வருபவர்கள் போன் இல்லாமல் வருவதை நான் ஆதரிக்க மாட்டேன். அவசரத்துக்கு ஒரு அழைப்பு போட முடிவது டவர் பதிவைவிட முக்கியம்.

அடுத்தது விரல் ரேகை. தினமும் வசதிதான். பிடிபட்ட நேரத்தில் அதே வசதி எதிராளிக்கும் கிடைக்கிறது. விரலைப் பிடித்து வைக்க ஒரு நொடி போதும், முகத்துக்கு நேரே போனைக் காட்டினாலும் திறந்துவிடும். சட்டமும் இங்கே குழப்பமாகத்தான் இருக்கிறது. பாஸ்வேர்டைக் கேட்பது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வைப்பது ஆகாது என்றது கர்நாடக உயர் நீதிமன்றம், 2021ல். பாஸ்வேர்டைச் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது, விரல் ரேகையைக் கேட்கலாம் என்றது டெல்லி சிபிஐ சிறப்பு நீதிமன்றம், 2022ல். அதனால் கிளம்பும் முன் விரல் ரேகை, முகம் இரண்டையும் நீக்கிவிட்டு ஆறு இலக்கத்துக்குக் குறையாத எண் வையுங்கள். பிறந்த தேதி வேண்டாம். கோடு இழுக்கும் பேட்டர்னும் வேண்டாம். போனை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், வியர்வைக் கை இழுத்த தடம் கண்ணாடியில் அப்படியே தெரியும்.

லாக் போட்டாலும் திரையில் மெசேஜ் வந்து நிற்குமே, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்டேஷன் மேசையில் போன் கிடக்கிறது, யாரும் தொடவில்லை. "அக்கா, நாங்க நாலு பேரும் பஸ் ஏறிட்டோம்" என்று பெயரோடு ஒளிர்கிறது. அந்த நாலு பேரைத் தேட இது போதாதா? பூட்டிய திரையில் மெசேஜ் தெரியாதபடி செட்டிங்கில் மாற்ற அரை நிமிடம்கூட ஆகாது.

அப்புறம் படங்கள். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். கூட்டத்தின் நடுவே கையை உயர்த்தி, முகம் முகமாக நகர்த்தி லைவ் போடுகிறோம். ஊரே திரண்டது என்று காட்டும் ஆசை, புரிகிறது. ஆனால் 2020 டெல்லி கலவரத்துக்குப் பிறகு, முக அடையாள மென்பொருளை வைத்து 1,100க்கும் மேற்பட்டவர்களைக் கண்டுபிடித்திருக்கிறோம் என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா மக்களவையில் சொன்னார். வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமப் படங்களையும் அந்த மென்பொருளில் சேர்த்திருந்தார்கள். நம் எல்லாருடைய படமும் அந்த அட்டைகளில் இருக்கிறது.

அதற்காகப் படமே எடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று சாதாரண உடையில் வேன் மேல் ஏறித் துப்பாக்கியோடு நின்ற போலீஸ்காரரை நாடே பார்த்தது கேமராவால்தான். அத்துமீறலை எடுங்கள், எடுத்ததைப் பத்திரமாக வையுங்கள், வழக்கறிஞரிடம் கொடுங்கள். கூட்டத்தைக் காட்ட வேண்டுமா, பின்னாலிருந்து எடுங்கள், பதாகையை எடுங்கள், கைகளை எடுங்கள். முகம் விழுந்திருந்தால் கறுப்புப் பெட்டி போட்டு மூடி, அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை மட்டும் பகிருங்கள். ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். சட்டையின் அச்சும் கையில் குத்திய பச்சையும்கூட ஆளைக் காட்டிக்கொடுக்கும். இன்னொன்று: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த இடம், நேர விவரம் நீங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் நீங்காது.

வாட்ஸ்அப் குழுவில் மறைகுறியாக்கம் இருக்கிறது, அதாவது குழுவில் இல்லாத யாரும் நடுவில் புகுந்து மெசேஜைப் படிக்க முடியாது, சரி. குழுவில் இருப்பவரின் போனே பிடிபட்டால்? டெல்லி கலவர வழக்கின் குற்றப்பத்திரிகையில் வாட்ஸ்அப் குழுப் பேச்சுகள்தான் பக்கம் பக்கமாக வந்தன. கிளவுடில் போய் உட்காரும் பேக்கப்பும், நீங்களாகப் போய் மறைகுறியாக்கத்தை இயக்கினால் ஒழிய, அந்தப் பாதுகாப்பில் வராது. டெலிகிராம் குழுக்களுக்கோ அந்த மறைகுறியாக்கமே கிடையாது. ஒருங்கிணைப்பவர்கள் சிக்னல் செயலியில் சின்னக் குழுவாக, மெசேஜ் தானாக அழியும்படி நேரம் வைத்துப் பேசுவது நல்லது. இந்த ஏற்பாடு முன்கூட்டியே இருக்க வேண்டும். வழக்கு வந்த பிறகு உட்கார்ந்து அழித்தால் தடயத்தை மறைத்ததாகத் தனி வழக்கு வரும்.

நெட்வொர்க் இருக்கும் என்று நம்பிப் போவதும் தவறு. தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாளே மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். இலங்கையில் 2022 ஏப்ரல் 3 அன்று பேஸ்புக், வாட்ஸ்அப் உட்பட சமூக ஊடகங்களை முடக்கினார்கள். சந்திக்கும் இடத்தை முன்பே வாய்ச்சொல்லாகப் பேசி வையுங்கள். வழக்கறிஞர் எண்ணைப் பால்பாயிண்ட் பேனாவால் முன்கையில் எழுதிக்கொள்ளுங்கள். வியர்வையில் ஜெல் பேனா கரைந்துவிடும்.

போனைப் பறித்துக்கொண்டால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். கைப்பற்றியதற்கு மகஜர், அதாவது எழுத்து மூலப் பதிவு, கேளுங்கள், அதில் போனின் மாடலும் ஐஎம்இஐ எண்ணும் இருக்கட்டும். கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவே சொல்கிறது. ஐஎம்இஐ எண் தெரியாதே என்பீர்கள். இப்போதே டயல் பேடில் *#06# அழுத்துங்கள், திரையில் வரும். 15 இலக்கம். ஒரு தாளில் எழுதி வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.